சோ நிலை மாறாதவரா? அப்போ 1996?

ஊவாக்காரன்:
நேற்று இங்கே ஒருவர், "சோ ராமசாமி 1970-இல் துக்ளக் அரசியல் இதழைத் தொடங்கியதிலிருந்து 2016-இல் இறக்கும்வரை ஒரே நிலையில் நின்றவர்" என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் தி.மு.க.வை விளாசியவர், 1996-இல் அதே தி.மு.க.வையும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸையும் சேர்த்துவைக்க ஓடித் திரிந்தாரே, அது எந்த நிலை?

ஹட்டன் வாசகன்:
எழுதியது நான்தான் அண்ணே, என்னிடமே கேட்டிருக்கலாம். 1996-இல் அவர் எதிர்த்தது ஜெயலலிதா ஆட்சியின் ஊழலை. நெருக்கடி நிலையில் இந்திராவையும்தான் எதிர்த்தார். ஆள் மாறும், அளவுகோல் மாறாது.

ஊவாக்காரன்:
இந்திராவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டது 1996. ஊழல்தான் அளவுகோல் என்றால், தி.மு.க. ஊழல் என்று அதுவரை பக்கம் பக்கமாக எழுதியது யார்?

கொட்டகலை ரவி:
துக்ளக் படித்துத்தான் பேசுகிறீர்களா? டவுன் சலூனில் பழைய இதழ் கிடக்கும். அட்டைக் கேலிச்சித்திரம் அப்படியே இருக்கும், கேள்வி-பதில் பக்கத்தை மட்டும் யாராவது கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஆளின் மவுசு அப்படி. புலிகளைக் கடைசிவரை எதிர்த்தார். தமிழ்நாட்டிலேயே எவ்வளவு வசை வாங்கினார், மாறினாரா?

ஊவாக்காரன்:
புலி வேறு, 1996 வேறு. சலூன் கதை வேண்டாம். 1999-இல் தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே கூட்டணி. அந்த வாஜ்பாய் ஆட்சியில் இவர் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 2011-இல் விஜயகாந்தை ஜெயலலிதாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததிலும் இவர் கை உண்டு. விமர்சகர் விமர்சிக்கட்டும், கூட்டணி பேசுவது அவர் வேலையா?

ஹட்டன் வாசகன்:
நம் மலையகத் தலைவர் தொண்டமான் ஐயா 1978-இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1994-இல் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சியோடு தேர்தலில் நின்று, பிறகு அதை எதிர்த்து வென்ற சந்திரிகா அரசில் அமைச்சரானார். அதைப் போன மாதம் இதே இடத்தில் "ராஜதந்திரம்" என்று கொண்டாடினீர்கள். சோ செய்தால் மட்டும் துரோகமா?

ஊவாக்காரன்:
ஐயாவை இதில் இழுக்காதீர்கள். அவர் முதுகில் நாடற்ற லட்சக்கணக்கான சனம் இருந்தது. அமைச்சரவையில் இருந்ததால்தான் 1988 சட்டம் வந்தது, பிரஜாவுரிமை கிடைத்தது. மயிலாப்பூர் சோவுக்கு அப்படி என்ன நெருக்கடி?

கொட்டகலை ரவி:
கொழும்பு வெள்ளவத்தையில் உட்கார்ந்துகொண்டு ஊவா என்று பேர் வைத்தவர், எங்கள் சனத்தைப் பற்றி எங்களுக்கே பாடம் நடத்துகிறார்.

ஊவாக்காரன்:
என் அம்மா இன்றைக்கும் பசறைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். லயத்துக் கூரை ஒழுகுவதைப் போன கிழமைதான் தகரம் போட்டு மறைத்துவிட்டு வந்தேன். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உங்களுக்கு எதற்கு? பதில் இல்லாதவர்தான் விலாசம் கேட்பார்.

ஹட்டன் வாசகன்:
ரவி, அம்மாவரைக்கும் போகவேண்டாம். ஆனால் அண்ணே, 1988-க்கு உரிமை கொண்டாடுகிறீர்களே, தோட்டத்தில் வேலை நிறுத்தம் செய்து சம்பளம் இழந்த சனத்துக்கு அதில் பங்கு இல்லையா?

ஊவாக்காரன்:
இருக்கிறது, யார் இல்லை என்றது? அதற்குத் தனியாக வாருங்கள், விடியவிடியப் பேசலாம். இங்கே என் கேள்வி ஒன்றுதான். 1996.

கொட்டகலை ரவி:
அதற்கு ஹட்டன் வாசகன் முதல் பதிலிலேயே... சரி, மேலே போய்த் திரும்பப் படியுங்கள்.

ஊவாக்காரன்:
படித்தேன். அங்கே ஜெயலலிதா இருக்கிறார், இந்திரா இருக்கிறார். தி.மு.க. எங்கே?