மறு: ‘சைல்ட் என்டைஸ்மென்ட்’ – கலைச்சொல் வேண்டும்

கொலம்பஸிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கான சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘சைல்ட் என்டைஸ்மென்ட்’, அதாவது சிறாரை ஆசை காட்டித் தன்னுடன் வரச்செய்யும் குற்றம், என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். 14 வயது நிறையாத குழந்தையைத் தன்னுடன் வரச்செய்ய முயல்வதைத் தடுத்த அம்மாநிலச் சட்டம் ‘சொலிசிட், கோக்ஸ், என்டைஸ், லூர்’ (கேட்டல், நயந்து பேசி இணங்கவைத்தல், ஆசை காட்டல், கவர்ந்திழுத்தல்) என நான்கு வினைகளை அடுக்கியிருந்தது. முதல் வினை வெறுமனே கேட்பதையும் குறிக்கும் என்பதால், தீய நோக்கம் இல்லாமல் பக்கத்து வீட்டுச் சிறுவனை உதவிக்குக் கூப்பிடுபவரும் குற்றவாளியாவார் என்று கண்டு, மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. ஆகவே ‘அழைத்தல்’ என்று மட்டும் எழுத இயலாது. ‘சிறார் ஈர்ப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்; மனம் ஒப்பவில்லை.

மதுரையிலிருந்து:

‘சிறார் ஈர்ப்பு’ என்றால் சிறார்மேல் கொண்ட ஈர்ப்பு என்றே படிப்பவர் கொள்வர். ‘நயத்தல்’ விரும்புதலாகும், அதன் பிறவினையாகிய ‘நயப்பித்தல்’ விரும்பச் செய்தலாகும், எனவே ‘சிறார் நயப்பிப்பு’ என்க. கேட்டலின் நுண்வேறுபாடு நமக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகத் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது.

சிங்கப்பூரிலிருந்து:

ஐயா, அங்கே வேறுபடுவது கேட்பவரின் தகுதி. இங்கே வேறுபடுவது கேட்கும் வழி. மேலும் ‘நயப்பிப்பு’ எந்தத் தாய்க்கும் விளங்காது. ‘நைச்சியமாகப் பேசிக் கூட்டிப்போனான்’ என்று ஊரே சொல்கிறதே, ‘நைச்சியம்’ ஆகாதா? வைணவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவுக்கு வழங்கிய சொல், காரியம் சாதிக்கும் குழைவுப் பேச்சுக்கு இறங்கிவந்த கதை தனியே ஆராயத்தக்கது.

மதுரையிலிருந்து:

அது வடசொல். ‘நயம்’ இருக்க ‘நைச்சியம்’ எதற்கு?

சென்னையிலிருந்து:

இந்திய தண்டனைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு, காப்பாளரிடமிருந்து சிறாரைக் கொண்டுபோவதையும் ஆசை காட்டி வரச்செய்வதையும் இரு தனி வினைகளாகச் சொன்னது. இரண்டாவதில் குழந்தை தானே நடந்து போகிறது. அதனால்தான் பெற்றோர் அதை அறிந்திருக்க வேண்டும். ‘ஆசை காட்டி அழைத்தல்’ போதும். ‘மயக்குதல்’ வேண்டவே வேண்டாம். குழந்தையும் இசைந்தது போன்ற சாயலை அது தருகிறது.

இன்னொன்று: கையேட்டில் பாலியல் குற்றவாளிகளின் வகைப்பாட்டில் ‘டியர்’ (tier) என்பதைத் ‘தரம்’ என்று எழுதியிருப்பதை உடனே மாற்றுங்கள். ஒஹாயோவில் முதல் பிரிவினர் 15 ஆண்டுகள், இரண்டாம் பிரிவினர் 25 ஆண்டுகள், மூன்றாம் பிரிவினர் வாழ்நாள் முழுவதும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘மூன்றாம் தரம்’ என்று படிக்கும் பெற்றோர் அதை அற்பக் குற்றமாக எண்ணிவிடுவர். ‘அடுக்கு’ என்று எழுதி, ஆண்டுக்கணக்கையும் அருகிலேயே தாருங்கள்.

கொலம்பஸிலிருந்து:

‘அடுக்கு’ ஏற்கப்பட்டது. தலைப்புக்கு, சென்னையின் கருத்தைத் தழுவி, ‘தீய நோக்குடன் சிறாரை ஆசை காட்டி அழைத்தல்’ என்று இடுகிறேன். நீளம்தான், ஆயினும் நோக்கத்தை விட்டுவிட மனம் வரவில்லை.

மதுரையிலிருந்து:

அது விளக்கம், கலைச்சொல் அன்று. என் மறுப்பைப் பதிவு செய்க.