45-ஐ மூன்றால் பெருக்கினால் 454545 வருகிறது: பைத்தான் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கல்லிடைக்குறிச்சி மாணவன்:
பைத்தான் என்ற நிரல் மொழியைப் புதிதாகப் படிக்கிறேன். எங்கள் வீட்டு அப்பள வியாபாரத்துக்கு பில் போட ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். பாக்கெட் விலையை இன்புட் மூலம் வாங்கி மூன்றால் பெருக்கச் சொன்னேன். 45 என்று தட்டினால் 135 வரவேண்டாமா? 454545 வருகிறது. பிழைச்செய்தியும் இல்லை. அண்ணாச்சிமார் யாராவது வழி சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்காரர்:
தம்பி, பைத்தான் 3-இல் இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துகளின் வரிசையாகத்தான் கொடுக்கும். அதன் கையில் இருப்பது நாற்பத்தைந்து அல்ல. 4, 5 என்ற இரண்டு எழுத்துகள். ஸ்ட்ரிங்கை மூன்றால் பெருக்கினால் மூன்று முறை ஒட்டி எழுதிவிடும். பைத்தான் அதை அனுமதிப்பதால் பிழை என்று சொல்லாது. இன்புட்டை, முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குள் போடுங்கள். சந்தேகம் வந்தால் டைப் என்று கேளுங்கள்; இன்ட்டா, ஸ்ட்ரிங்கா என்று சொல்லிவிடும்.

கல்லிடைக்குறிச்சி மாணவன்:
135 வந்துவிட்டது, நன்றி அண்ணாச்சி. ஆனால் 45.50 கொடுத்தால் வேல்யூ எரர் என்று பிழைச்செய்தி காட்டி நின்றுவிடுகிறது. திருநெல்வேலி டவுன் கடைகளின் தொலைபேசி எண்களையும் இன்ட் ஆக்கினேன். 0462 எல்லாம் 462 ஆகிவிட்டது.

தென்காசிக்காரர்:
ஸ்ட்ரிங்கில் முழு எண் இருந்தால் மட்டுமே இன்ட் அதை ஏற்கும். புள்ளி வைத்த எண்ணுக்கு ஃப்ளோட் இருக்கிறது. ஆனால் பண விஷயத்தில் அதை நம்பவேண்டாம். பைத்தானில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ஃப்ளோட் எண்களை 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் வைக்கிறது, 0.1 அதில் சரியாக அடங்காது. காசுக் கணக்குக்கு, நாம் எழுதுவதுபோல் பத்தின் அடிப்படையில் எண்ணை வைக்கும் டெசிமல் என்ற வகை நல்லது. இன்புட் தந்த ஸ்ட்ரிங்கை நேராக அதனிடம் கொடுங்கள், இடையில் ஃப்ளோட் வேண்டாம்.

தொலைபேசி எண்ணை ஸ்ட்ரிங்காகவே விடுங்கள். இரண்டு கடைகளின் எண்களை யாரும் கூட்டப்போவதில்லையே! 627001 என்ற பின்கோடும் அப்படித்தான். இலக்கமாகத் தெரிவதெல்லாம் எண் வகை அல்ல; கணக்குப் போடுவோமா என்று பார்த்து வகையை முடிவு செய்யுங்கள்.

கல்லிடைக்குறிச்சி மாணவன்:
டெசிமலில் 136.50 சரியாக வருகிறது. கடைசியாக ஒன்று: பணம் வந்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று தட்டி, அதை உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்லும் பூல் வகை ஆக்கினால் ட்ரூ (உண்மை) என்கிறதே?

பாளையங்கோட்டைக்காரர்:
ஸ்ட்ரிங்குகளில் எழுத்தே இல்லாத வெற்று ஸ்ட்ரிங் மட்டும்தான் ஃபால்ஸ் (பொய்). உள்ளே ஓர் எழுத்து இருந்தாலும் ட்ரூதான். ‘இல்லை’ என்பதன் பொருள் அதற்குத் தெரியாது. பூலை எடுத்துவிட்டு, பதில் ‘ஆம்’ என்பதற்குச் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள்.