மறு: ஹாஃப்டோன், டிதரிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான நகலி (ஜெராக்ஸ் இயந்திரம்) பராமரிப்புப் பாடத்தை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஸ்கேனர் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஓர் எண்ணைத் தருகிறது, ஆனால் அச்சிடும் பகுதியோ ஓரிடத்தில் கறுப்புத் தூளை இடும், அல்லது இடாது. 128-ஐ எல்லையாக வைத்து வெட்டினால் முகம் கரித்திட்டாகிவிடும் என்பதால், புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும் இட்டுக் கண்ணைச் சாம்பல் நிறம் என்று நம்பவைக்கிறார்கள். இதுதான் ஹாஃப்டோன். அதற்கு 'அரைத்தொனி' என்று எழுதிப் பார்த்தேன். மாணவர்கள் இசைப்பாடமா என்று கேட்டார்கள்.

*

ஐயா, 'தொனி' வடசொல், அதுவும் ஒலியைக் குறிப்பது. 'அரை'யும் பொருந்தாது: 4×4 கட்டம் ஒன்றில் எதுவும் இடாத நிலை முதல் பதினாறும் நிரம்பிய நிலை வரை 17 படிகள் இருக்கும்போது பாதி எங்கிருந்து வந்தது? 'புள்ளிச்சாயல்' என்பேன். 'சாயல் மென்மை' என்கிறது தொல்காப்பிய உரியியல். வன்கறுப்பை மென்மையாக்குவதுதானே இங்கே நடப்பது? வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் நடுவே இடையினம் நிற்பதை எண்ணி 'இடைச்சாயல்' என்றும் ஆளலாம்.

*

அச்சகத்தில் முடி நரைத்தவன் நான். புகைப்பட அச்சுக்கட்டைக்கு 'ஆஃப்டோன் பிளாக்', கோட்டோவிய அச்சுக்கட்டைக்கு 'லைன் பிளாக்' என்றுதான் கடைசிவரை வேலை நடந்தது, யாருக்கும் விளங்காமல் போகவில்லை. 'புள்ளிச்சாயல்' என்றால் மெக்கானிக் கோலப் புத்தகத்தைத் தேடுவார். பெயரைவிட அவருக்கு வேண்டியது இது: அங்குலத்துக்கு 600 புள்ளி இடும் நகலியில் 4×4 கட்டம் வைத்தால் அங்குலத்துக்கு 150 கட்ட வரி; 8×8 வைத்தால் 65 சாயல் கிடைக்கும், ஆனால் வரி 75 ஆகக் குறைந்து படம் சொரசொரக்கும்.

*

புள்ளிகளைக் கலைத்து இடும் டிதரிங்குக்கு வருவோம். 'டிதர்' ஆங்கிலத்தில் நடுக்கம். அதற்காக 'நடுக்கல்' என்று எழுதினால் நடுகல் என்றே படிப்பார்கள். எனக்குச் சிக்கல் 1976-இல் ஃபிளாய்டும் ஸ்டெயின்பர்க்கும் வெளியிட்ட டிதரிங் முறையில்தான் இருக்கிறது. 96 என்ற எண்ணுள்ள புள்ளியைக் கறுப்பாக்கினால், விடுபட்ட அந்த 96-ஐ வலப்பக்கத்துக்கு 42, கீழே 30, கீழ் இடத்துக்கு 18, கீழ் வலத்துக்கு 6 என்று பங்கிட்டு, அடுத்த புள்ளிகளோடு கூட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'எரர் டிஃப்யூஷன்' எனப்படும் இதை 'பிழை பரப்பல்' என்றால் இயந்திரம் பழுது என்று மாணவர் எண்ணுவார். அது பிழையே அன்று, வகுத்தலில் நிற்பதைப் போன்ற மீதி. ஆகவே 'மீதிப் பகிர்வு'.

*

'மீதி' கடைக்கணக்குச் சொல். இலக்கணம் பிழைக்குச் சொல்லும் 'வழு' எனலாமே! திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுவையும் கண்டு, ஒரு காரணம் பற்றி அதை ஏற்பதற்கு 'வழுவமைதி' என்று பெயரிட்ட மொழி இது. ஒரு புள்ளியின் வழுவை அண்டைப் புள்ளிகள் தாங்கிக்கொள்வது அமைதி இல்லையா?

*

ஏற்பதும் பங்கிடுவதும் ஒன்றல்ல ஐயா. பாடத்தில் 'மீதிப் பகிர்வு' என்று அனுப்பிவிட்டேன். ஹாஃப்டோனை அப்படியே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'புள்ளிச்சாயல்' சேர்த்திருக்கிறேன். மூவர் சரி என்றார்கள், மற்றவர்களிடமிருந்து மறுமொழி இல்லை.

*

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வழுவமைதி பற்றி நாளை தனி இழை தொடங்குவேன்.