வீடு, நம்பிக்கை, தொழில் மூன்றும் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும்போது எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி (வழித்துணை):

நீண்ட நாள் பார்த்த வேலை முடிந்துவிட்டது. இப்போதிருக்கும் ஊரில் தொடர்ந்து இருக்கப் பெரிய காரணம் ஏதும் இல்லை. சிறு வயது முதல் செய்துவந்த வழிபாடும் வெறும் பழக்கமாகத் தெரிகிறது. சேமிப்பு ஓராண்டுக்குத் தாங்கும். புதிய ஊர், புதிய தொழில், ஆன்மிக வாழ்க்கை என்று மூன்றும் இழுக்கின்றன. எந்த வரிசையில் போவது? உண்மையான நாட்டத்தையும் வெறும் களைப்பையும் எப்படிப் பிரித்து அறிவது? "மனம் நல்லதைச் சொல்லும்" வகைப் பதில்கள் வேண்டாம், நடைமுறை வேண்டும்.

பதில் (கணக்குப்பிள்ளை):

மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு, ஒரே நாளில் அவிழ்க்கப் பார்ப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எதை எளிதில் திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்று பாருங்கள். வாடகை வீடு பிடிக்காவிட்டால் சில மாதங்களில் மாறிவிடலாம். வாங்கிய வீடு அப்படியல்ல. பதிவுச் செலவும் தரகும் போனது போனதுதான். ஒரு துறையில் பகுதி நேரமாக வேலை செய்து பார்ப்பது மலிவு, பட்டப்படிப்பில் சேர்வது விலை அதிகம். திரும்ப முடிந்தவற்றை முதலில் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் பணம். கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து, தவிர்க்கவே முடியாத செலவுகளை மட்டும் கூட்டி, மூன்றால் வகுத்து ஒரு மாதச் செலவைப் பாருங்கள்: வாடகை, உணவு, மருந்து, காப்பீடு, கடன் தவணை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து இதோடு சேர்க்க வேண்டும். பெரும்பாலானோர் விடுவது இதைத்தான். நான்கைந்து மாதம் எல்லாம் சரியாகப் போகும், பிறகு ஒரு காப்பீட்டுத் தவணையும் ஒரு பல் சிகிச்சையும் சேர்ந்து வந்து திட்டத்தையே கவிழ்க்கும். இப்படிக் கிடைக்கும் மாதச் செலவால் சேமிப்பை வகுங்கள். பன்னிரண்டு மாதம் என்று வந்தால் அதில் மூன்று மாதத்தைத் தொடாதீர்கள். மீதி ஒன்பதில் ஆறு தேடலுக்கு, மூன்று சம்பள வேலை பிடிக்க. ஆறாம் மாத இறுதித் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், ஆர்னால்ட் வான் கெனெப் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1909இல் வாழ்க்கைமாற்றச் சடங்குகளை ஆராய்ந்து, அவற்றைப் பிரிதல், இடைநிலை, சேர்தல் என்று மூன்று கட்டமாகப் பிரித்தார். சடங்குகளில் இடைநிலைக்கு ஒரு முடிவு உண்டு, அதை நடத்திவைக்கப் பெரியவர்களும் உண்டு. வேலை போன மனிதருக்கு இரண்டும் கிடையாது. முடிவுத் தேதியையும், மாதம் ஒருமுறை "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்க ஓர் ஆளையும் நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஊர் விஷயத்தில் ஒன்றுதான். விடுமுறை நாளில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வார நாள் காலை நெரிசலிலும், இரவு பத்து மணிக்கும், அடைமழையிலும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். குறுகிய கால வாடகையில் இரண்டு மாதம் இருந்த பின், காய்ச்சலில் படுத்தால் மாத்திரை வாங்கிவந்து கதவைத் தட்ட அங்கே யாராவது இருக்கிறார்களா என்று யோசியுங்கள். ஒருவரும் இல்லையென்றால் ஊர் அழகாக இருப்பதால் பயனில்லை.

பதில் (ஈரநிலம்):

களைப்பா, நாட்டமா என்ற கேள்விக்கு.

1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுத்திருந்த இக்னேஷியஸ் லொயோலா (பின்னாளில் இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கப் புனிதர்) ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் நினைக்கும்போது இனித்தன, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ, நினைத்து முடித்த பிறகும் நிறைவைத் தந்தது. அந்த நேரத்து உற்சாகத்தைவிட அது விட்டுப்போகும் சுவடே நம்பத்தக்கது என்பது அவர் வழிமுறையின் அடிப்படை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இதைப் பயன்படுத்தலாம்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன செய்தேன், செய்யும்போது எப்படி இருந்தது, மறுநாள் காலை எப்படி இருக்கிறது. மூன்றாம் பத்தியை மறுநாள்தான் நிரப்ப வேண்டும். மாதிரிக்கு:

செவ்வாய் – பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தது / கை நடுக்கம், பாதியில் தடுமாற்றம் / இன்னொரு முறை எடுக்கலாம், அந்தக் கணக்கை வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும்.

வியாழன் – பழைய துறையில் பெரிய பதவி பற்றிப் பேச்சு / நல்ல உற்சாகம் / நெஞ்சில் கனம், தொலைபேசியை எடுக்கவே மனமில்லை.

ஒரு பதிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆறு வாரம் எழுதிவிட்டு மூன்றாம் பத்தியை மட்டும் தனியே வாசித்தால் போக்கு தெரியும்.

இக்னேஷியஸின் இன்னொரு விதி: மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. துக்கத்திலும் தூக்கமின்மையிலும் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகும் எண்ணம் ஞானோதயம் போலவே தோன்றும். மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கி எழுந்த பிறகும் பழைய தொழில் வேண்டாம் என்றே தோன்றினால்தான் அதைக் கணக்கில் எடுக்கலாம். எதிலும் ஆர்வமில்லாமை, சோர்வு, தூக்கமும் பசியும் கெடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோயை ஆன்மிக வறட்சி என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் கடத்துவது மிகவும் வருத்தத்துக்குரிய விஷயம்.

பதில் (மணியோசை):

நம்பிக்கை பத்தி மட்டும் சொல்றேன். வாரத்துக்கு ஒரு இடம்னு மாறிக்கிட்டே இருந்தா எந்த இடமும் பிடிபடாது. ஒண்ணைத் தேர்ந்தெடுத்து மூணு மாசம் தொடர்ந்து போங்க. வழிபாட்டுக்கு மட்டும் போகாம, பாத்திரம் கழுவுற, நோயாளியைப் பார்க்கப் போற வேலைகளுக்கும் போங்க. அங்கதான் அந்தச் சமூகத்தோட நிஜ முகம் தெரியும்.

அடையாளம் வேணும்னு காத்துக்கிட்டிருக்கிறதும் ஒரு தப்பு. இஸ்லாத்துல இஸ்திகாரா தொழுகை இருக்கு. கடமையான தொழுகை தவிர தனியா ரெண்டு ரக்அத் (தொழுகையோட ஒரு சுற்று) தொழுது, இது எனக்கு நல்லதுன்னா எளிதாக்கு, கெட்டதுன்னா விலக்குன்னு கேட்கிற துஆ, அதாவது வேண்டுதல். கனவு வரணும்னு பலர் காத்திருக்காங்க, ஆனா அதுக்குக் கனவு ஒரு நிபந்தனையே இல்ல. கேட்டுட்டு, விசாரிச்சு, காரியத்துல இறங்கணும்.

துறவு வரைக்கும் யோசிக்கிறவங்களுக்கு: ஆறாம் நூற்றாண்டு கிறிஸ்தவத் துறவி பெனடிக்டோட மடத்து விதியில, புதுசா வர்றவருக்கு ரெண்டு மாசம், அப்புறம் ஆறு மாசம், அப்புறம் நாலு மாசம் கழிச்சுன்னு மூணு தடவை முழு விதியையும் வாசிச்சுக் காட்டுவாங்க. அதுவரைக்கும் அவர் கிளம்பிப் போகலாம். ஒரு வருஷம் ஆன பிறகுதான் உறுதிமொழி. இப்படிப் பொறுமை இல்லாம முதல் மாசத்துலயே சொத்து, சம்பளம், குடும்பத் தொடர்பு எதையாவது விடச் சொல்ற இடத்துலருந்து விலகிடுங்க. வரவு செலவுக் கணக்கை யார் பார்க்கலாம்னு கேளுங்க. விட்டுப் போனவங்களைப் பத்தி எப்படிப் பேசறாங்கன்னு கவனிங்க. தனிமையில இருக்கிறவங்களுக்கு அதிகமான வரவேற்பு ரொம்ப இனிக்கும், அதனாலதான் இந்த எச்சரிக்கை.

பதில் (நடுப்பகல்):

கணக்குப்பிள்ளை சொன்ன ஆறு மாதத் தேடலில் எனக்குச் சம்மதமில்லை. முழுக்க வேலையின்றி இருந்தால் நாளின் ஒழுங்கு குலையும், ஒழுங்கு குலைந்தால் நோட்டில் எழுதுவதும் நின்றுபோகும். வாரம் இருபது மணி நேரமாவது ஏதாவது சம்பள வேலை பாருங்கள். உங்களை நம்பிப் பிள்ளைகளோ பெற்றோரோ இருந்தால் இது கட்டாயம். நாட்டமுள்ள துறையில் ஐந்து பேரிடம் "இந்த வேலையில் சலிப்பான பகுதி எது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்குப் போகிறது?" என்று கேளுங்கள். அந்தப் பகுதியையும் தாங்க முடியும் என்றால் மேலே யோசிக்கலாம்.

வழித்துணை:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். வீட்டார், நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரிடம் எப்படி ஆலோசனை கேட்பது?

பதில் (ஈரநிலம்):

ஆலோசனையே கேட்காமல் ஒரு வழி உண்டு. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் தெளிவுக் குழு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களை வெவ்வேறு விதத்தில் தெரிந்த ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடைபவர்களைச் சேர்க்காதீர்கள். பிரச்சினையை இரண்டு மூன்று பக்கத்தில் எழுதி ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் உட்காருங்கள். ஒருவர் நடத்துநர், ஒருவர் குறிப்பெடுப்பவர். சற்று நேர மௌனத்தோடு தொடங்கும்.

விதி ஒன்றுதான்: கேள்வி மட்டுமே கேட்கலாம், அதுவும் பதில் என்னவென்று தனக்கே தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். "ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாமே?" என்பது கேள்வி வேடத்தில் வரும் அறிவுரை, நடத்துநர் அதை நிறுத்த வேண்டும். "அந்த வகுப்பு முடிந்த பிறகு என்ன நினைத்தீர்கள்?" என்பது சரியான கேள்வி. பதில் சொல்ல விரும்பாததை விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு கேள்விகளுக்கு இடையே அவசரம் வேண்டாம். பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்தில் பழக்கத்தால் யாராவது அறிவுரைக்குத் தாவுவார்கள், அங்கே நடத்துநர் தளர்ந்தால் கூட்டம் சாதாரணக் குடும்பப் பஞ்சாயத்தாகிவிடும்.

பேசியது வெளியே போகக் கூடாது. நீங்களாகப் பேச்சை எடுக்காதவரை அவர்களும் பிறகு உங்களிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. குறிப்பெடுத்தவர் தாள்களை உங்களிடமே கொடுத்துவிடுவார். அவற்றை உங்கள் நோட்டின் மூன்றாம் பத்தியோடு பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.