ஜூன்டீன்த் கூட்டத்துல சாப்பாடு முடிஞ்சதும் ஆளுங்க கிளம்பிடறாங்க, ஐடியா வேணும்

மக்களே, நாங்க இருக்கறது ஹூஸ்டன், தேர்டு வார்டு பக்கம். எங்க தெருவுல பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கதான், வருஷா வருஷம் ஜூன் 19க்கு, அதாவது அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்சத கொண்டாடற ஜூன்டீன்த் நாளுக்கு, பார்க்ல கூடுவோம், 3 வருஷமா நானும் வாலண்டியர். சுமார் 60 பேர், சாயங்காலம் 4ல இருந்து 8 வரைக்கும். பாட்டு, பார்பெக்யூ, சிவப்பு சோடா எல்லாம் அமர்க்களமா போகுது, ஆனா அதுக்கப்புறம் வாடகை, ஸ்கூல், ஓட்டுரிமைன்னு ஒரு மணி நேரம் பேசலாம்னா 8 பேர் கூட மிஞ்சறதில்ல.

முதல் வருஷம் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சோம், காலி. அடுத்த வருஷம் முன்னாடி வச்சா குழந்தைங்க பசியில அழுகை, ஜூன் வெயில் வேற மண்டைய பொளக்குது. போன வருஷம் ஒருத்தர பேச கூப்பிட்டோம், மனுஷன் 40 நிமிஷம் லெக்சர் அடிச்சாரு, எல்லாரும் ஃபோன நோண்டிட்டு இருந்தாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சம் வேலை செஞ்சுது. டெக்சாஸ்ல அடிமைங்க எல்லாரும் விடுதலைன்னு 1865ல கால்வெஸ்டன்ல ராணுவ ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்ட 3ஆம் நம்பர் ஆணைய ஒரு பாட்டி சத்தமா வாசிச்சாங்க. முழுச் சமத்துவம்னு சொல்லிட்டு அதே ஆணையிலயே, விடுதலையானவங்க இருக்கற இடத்துலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாருங்கன்னும் சொல்லியிருக்கு பாருங்க, அதக் கேட்டதும் பசங்களே கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. ஆனா பத்து நிமிஷத்துல அது அப்படியே அடங்கிடுச்சு.

இந்த தடவை 3 வாரம்தான் இருக்கு, மைக் ஒண்ணு, டேபிள் 8. இந்த மாதிரி கூட்டம் நடத்துனவங்க சொல்லுங்க, அந்த வாசிப்புல இருந்து டேபிள் டேபிளா பேச்ச எப்படி கொண்டு போறது?