எண்ணெய்க் கமறலா, கருகல் நெடியா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கான பழுதறியும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பர்னிங் ஆயில் ஸ்மெல்’ என்ற ஒரு தலைப்பு மட்டும் நகர மறுக்கிறது.

‘எண்ணெய் எரியும் வாடை’ என்று போட்டால், வண்டி ஆயில் குடிக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். அது வேறு நோய். வால்வுத் தண்டின் சீல் தேய்ந்தோ பிஸ்டன் ரிங் தளர்ந்தோ ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, பின்னால் நீலப் புகையாக வரும். இந்த அத்தியாயம் பேசுவது வெளியே நடப்பதை. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் கசியும் ஆயில், சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ற கொதிக்கும் குழாய்த் தொகுதியில் விழுந்து கருகுகிறது. புகைக்குழாயைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். முதல் நோய்க்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கலாம். இரண்டாவது, இணைப்பில் கசியாமல் அடைக்கும் ஒரு பேக்கிங் மாற்றினால் தீர்ந்துவிடலாம். சொல் குழம்பினால் வாசகர் தேவையில்லாமல் எஞ்சினைப் பிரித்துவிடுவார். உதவுங்கள்.

தொழிற்பயிற்சி ஆசிரியரின் மறுமொழி:

விடை உங்கள் மடலிலேயே இருக்கிறது அம்மா. உள்ளே நடப்பது எரிதல், வெளியே நடப்பது கருகல். பட்டறையில் பையன்கள் ‘ஆயில் கருகுற ஸ்மெல் வருது சார்’ என்றுதான் சொல்கிறார்கள். மேனிஃபோல்டில் விழுந்த சொட்டு பெரும்பாலும் தீப்பிடிப்பதில்லை. புகைந்து, கறுத்து, தார் போல ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஆயிலின் தீப்பற்று வெப்பநிலை பொதுவாக 200 டிகிரி செல்சியசுக்கு மேல். வண்டியை விரட்டும்போது மேனிஃபோல்டு அதைவிட வெகுவாகச் சூடாகும் என்பதால் தீ ஆபத்தும் உண்டு. அதைக் கையேட்டில் தனியாகச் சொல்லுங்கள். தலைப்புக்கு ‘எண்ணெய் கருகும் வாடை’ போதும்.

தமிழாசிரியர் ஒருவரின் மறுமொழி:

> தலைப்புக்கு ‘எண்ணெய் கருகும் வாடை’ போதும்

மூன்று சொல்லில் இரண்டை ஏற்க இயலவில்லை ஐயா. எண்ணெய் என்பது எள் + நெய். நிலத்தடியிலிருந்து எடுத்துப் பிரித்த நெய்மத்துக்கு எள்ளோடு என்ன உறவு? பொறி உராயாமல் ஓட இடும் நெய் என்ற பொருளில் ‘உயவுநெய்’ என்று ஆளலாம். வாடையோ வடகாற்று. நெடுநல்வாடை படித்த எவரும் அதை மூக்கோடு சேர்க்க மாட்டார். ‘நாற்றம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. நாம்தான் அதை இழிவாக்கினோம். ‘கருப்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது எதை?

இன்னொன்றும் உண்டு. குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் ‘குவளை உண்கண் குய்ப்புகை கழும’ என்கிறார். சூடான நெய்யிலிருந்து எழுந்து கண்ணை மறைக்கும் புகைக்கு ஈரெழுத்தில் ஒரு பழஞ்சொல்! ‘உயவுக்குய்’ என்று ஆக்கினால் தலைப்பு ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயா, குய் தாளிதப் புகை. அந்தப் பாட்டில் தலைவியின் முகம் மகிழ்ச்சியில் முடிகிறது. இங்கே ஓட்டுநர் மூக்கைச் சுளித்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும். எச்சரிக்கை தர வேண்டிய சொல்லுக்கு அந்த இனிமை பொருந்தாது. எண்ணெயும் எள்ளை விட்டுப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. ‘நல்ல’ என்று அடைமொழி சேர்த்து எள்ளெண்ணெயைப் பிரித்துச் சொல்கிறோமே, அதுவே பொதுப்பொருள் நிலைத்துவிட்டதற்குச் சான்று.

ஈழத்து உறுப்பினர் ஒருவர்:

உயவுநெய் பற்றி ஒரு சொல். ‘உயாவே உயங்கல்’ என்பது தொல்காப்பிய உரியியல். உயவு என்றால் வருத்தம் என்ற பொருள் சங்கப் பாட்டிலும் வருகிறது. பள்ளிப் பாடநூல்களில் ‘உயவுப் பொருள்’ வழங்குவதை அறிவேன், எதிர்க்கவில்லை. ஆனால் எள்ளை வேரோடு பார்ப்பவர் வருத்தத்தையும் வேரோடு பார்க்க வேண்டுமல்லவா? ‘மசகு’ என்று சொல்லியிருப்பேன். வண்டிச் சக்கரத்தின் அச்சுக்குப் பூசும் மை அதுதான். எங்கள் செய்தித்தாள்களில் ‘மசகெண்ணெய்’ கச்சா எண்ணெயைக் குறிக்கிறது என்பதால் அதிலும் இடர்தான்.

தமிழாசிரியர்:

உயா வேறு, உய்வு வேறு, உயவு வேறு. ‘உய்’ என்றால் செலுத்து. பொறி தடையின்றிச் செல்ல உதவுவது உயவு. உய் > உய்த்தல் > உயவு என்று பார்த்தால் வருத்தம் எங்கிருந்து வரும்? இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

பழைய கார் வைத்திருக்கும் உறுப்பினர்:

வேர்ச்சொல்லுக்குள் நான் வரவில்லை. இந்த மணம் எப்படி வருகிறது என்பதைச் சொன்னால் சொல் தானே அமையும் என்று நம்புகிறேன்.

ஓடும்போது தெரியாது. வண்டி நின்றதும் வரும். ஓட்டத்தில் காற்று புகையைக் கீழே இழுத்துப் போய்விடுகிறது. நின்றால் புகை பானெட்டுக்குள் மேலெழும்பி, முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்று வாய் வழியே உள்ளே ஏறுகிறது. வெளிக்காற்றை அடைத்து உட்காற்றையே சுழல விட்டால் குறையும். குறைந்தால் மூலம் எஞ்சின் அறையில் என்று ஏறக்குறைய உறுதி. காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911இல் (1998 வரை வந்தவை) இன்னும் மோசம். அதன் ஹீட்டர், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து சூடான காற்றை எடுத்து நேரே உள்ளே தள்ளுகிறது. மேலே ஒரு சொட்டு விழுந்தால் ஹீட்டர் போட்டதும் தொண்டையைப் பிடிக்கும்.

தொண்டையைப் பிடிக்கும் என்பதே எனக்கு முக்கியம். மூக்குக்கு முன்னால் தொண்டை அறிகிறது. இதற்குத் தமிழில் ‘கமறல்’ என்ற சொல் உண்டே! ‘எண்ணெய்க் கமறல்’ என்றால் யாருக்குப் புரியாது?

கசிவிடத்தைத் தேடுவது பற்றியும் ஒன்று. எண்ணெய் ஓரிடத்தில் நிற்காது. புவியீர்ப்பு கீழே இழுக்கும், காற்று பின்னால் தள்ளும். சொட்டும் இடத்தில் சீல் மாற்றிவிட்டுப் பிறகு திகைத்தவர்கள் பலர். முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து சிறிது ஓட்டி, புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியும் இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே இருப்பதுதான் மூலம். எஞ்சினின் அடியறையான கிரேங்க்கேஸின் காற்றோட்ட வால்வு அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீல்களையும் பிதுக்கிவிடும். அதைப் பார்க்காமல் பேக்கிங் மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரிலிருந்து வழிந்ததும் இதே மணம் தரும். அது சில ஓட்டத்தில் தீய்ந்து போய்விடும்.

தமிழாசிரியர்:

கமறல் அருமை. மனமார ஏற்கிறேன். கமழ், கமறு இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை என்பது என் துணிபு. ‘ழ்’ மென்மை, ‘று’ வன்மை. இனிய மணம் கமழ்கிறது, கடுமணம் கமறுகிறது. ஒலியே பொருளைப் பிரித்துக் காட்டும் அழகைப் பாருங்கள்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்:

கமறலில் எனக்கு ஒரு தயக்கம். அது தொண்டையின் நிலை. தொண்டை கமறுகிறது என்கிறோம். வண்டியின் அறிகுறிப் பட்டியலில் ‘கமறல்’ என்று போட்டால், முன்னே பின்னே எதுவும் இல்லாமல் படிக்கும் மாணவன் இருமல் என்று எண்ணக்கூடும். ‘நெடி’ என்றால் கடுமையும் வருகிறது, மணம் என்பதும் ஐயமில்லாமல் தெரிகிறது. ‘எண்ணெய்க் கருகல் நெடி’. இனிக்கும் மணம் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், கந்தக வீச்சம் வந்தால் கியர் ஆயில் என்று அட்டவணையில் பிரித்தெழுத ‘கருகல்’ என்ற அடைமொழி கட்டாயம் தேவை. கமறலில் அந்தப் பிரிப்பு இல்லை.

> முதல் நோய்க்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கலாம்

அந்த முதல் வகைக்கு ‘எண்ணெய் எரிவு’ என்று தனிச்சொல் வையுங்கள். மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி எஞ்சினில் (பிஸ்டனுக்குப் பதில் சுழலி உள்ளது) உயவுக்காகவே ஆயிலை எரியறைக்குள் அளவாகச் செலுத்துகிறார்கள். அங்கே எண்ணெய் எரிவு பழுதே அல்ல, வடிவமைப்பு. ஆனால் கசிந்து கருகுவது எந்த வண்டியிலும் பழுதுதான். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. ‘எண்ணெய்க் கருகல் நெடி’, ‘எண்ணெய் எரிவு’ என்று கோப்பில் மாற்றிவிட்டேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் நெடிக்கு இசைந்தார்கள். சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்று இசைந்ததும் தெரிகிறது. அத்தியாயத்தின் உள்ளே ஓரிடத்தில் ‘தொண்டை கமறும்’ என்று வினையாக வைத்திருக்கிறேன். உயவுநெய் வரவில்லை, பொறுத்தருளுங்கள் ஐயா.

தமிழாசிரியர்:

நெடியை எதிர்க்கவில்லை. எண்ணெயை எதிர்க்கிறேன், அதைக் குழுவின் பதிவில் வையுங்கள். உய் > உயவு மடல் நாளை வரும்.

பழைய கார் வைத்திருக்கும் உறுப்பினர்:

அம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. அடுத்த அத்தியாயத்தில் கசிவின் அளவைப் பிரித்திருப்பார்களே, அதற்கு எல்லா இடத்திலும் ‘கசிவு’ என்றே போட்டுவிடாதீர்கள். ஈரம் படர்ந்து தூசி ஒட்டுவது ஊறல், துளி கட்டி விழுவது சொட்டல், தரையில் ஓடுவது ஒழுக்கு. ஊறலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், மேனிஃபோல்டின் மேல் சொட்டினால் வண்டியை எடுக்கவே கூடாது.