படகில் வந்த நாங்களே கதவைப் பூட்டச் சொல்லலாமா?

மார்க்கம்வாசி கேட்டது:
போன ஞாயிறு அக்கா மகனின் பிறந்தநாள். சாப்பாடு முடிந்ததும் அரசியல் கதை தொடங்கியது. "இப்ப அகதி எண்டு வாற ஆக்கள் எல்லாம் பொய்க் கேஸ். எல்லையைப் பூட்ட வேணும்" என்றார் சித்தப்பா. எனக்கு நெஞ்சு வலித்தது. 1986 ஆகஸ்டில் கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களில் அவரும் ஒருவர். பனிமூட்டத்துக்குள் அவர்களைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்ட்டன் என்ற மீனவர்.

கரையேறியதும் என்ன சொன்னார்கள்? இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். உண்மையில் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில். அது வெளியே வந்ததும் திருப்பி அனுப்பச் சொல்லிப் பெரிய கூச்சல். அன்றைய கனடாப் பிரதமர் மல்ரோனி அனுப்பவில்லை. அன்று கிடைத்த ஒரு வருட அனுமதியில் தொடங்கியதுதான் எங்கள் குடும்பத்தின் கனடா வாழ்க்கை. சித்தப்பாவோடு சண்டை போடாமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

வடலி:
அவர் சொல்வதை முழுப் பிழை என்று தள்ள மாட்டேன் தம்பி. என் மகனுக்கு நல்ல வேலை, ஆனாலும் வாடகை கட்ட முடியாமல் எங்கள் பேஸ்மென்டில்தான் இருக்கிறான். 2023 கோடையில் அகதிக் கோரிக்கையாளர்கள் டொரொன்டோ பீட்டர் வீதி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். படுக்க இடம் கொடுக்க முடியாமல் வரவேற்பது என்ன இரக்கம்?

கடல்வழி:
நான் 2010இல் சன் சீ என்ற அகதிக் கப்பலில் கனடா வந்தவன். அதில் நாங்கள் 492 தமிழர். இறங்கியதும் தடுப்புக் காவல், குழந்தைகளோடு வந்த தாய்மாருக்கும் அதேதான். வெளியே வந்து வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு தமிழ் அண்ணை, "நீங்கள் வந்துதான் எங்கட பேர் கெட்டது" என்றார். வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

வடலி அண்ணை, அந்தப் பீட்டர் வீதிக்கு நானும் போனேன். சோற்றுப் பார்சல் கொண்டு போனால் ஒரு ஆப்பிரிக்கப் பெண், "சாப்பாடு இருக்கிறது, காலுறை இருக்கிறதா?" என்று கேட்டாள். மழையில் எல்லாம் நனைந்திருந்தது. அவர்களை உள்ளே எடுத்தவை டொரொன்டோவின் நோர்த் யோர்க் பக்கத்துக் கறுப்பின மக்களின் தேவாலயங்கள். நான் போகும் கோயிலில் மண்டபம் கேட்டேன். காப்புறுதிப் பிரச்சினை என்றார்கள். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் நிற்கும் மண்டபம் அது.

மார்க்கம்வாசி:
நேற்றுச் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். "பொய் சொல்லச் சொன்னது எங்களைக் கப்பலேற்றின ஏஜென்சிக்காரன்" என்றார். இப்போது வருகிறவர்களுக்கும் ஒரு ஏஜென்சிக்காரன் இருப்பான்தானே என்றேன். "இருப்பான்" என்றார், அதற்கு மேல் இறங்கி வரவில்லை. வாடகையைப் பற்றி வடலி அண்ணை சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடமாகப் போதிய வீடு கட்டாமல் விட்டது நேற்று வந்திறங்கியவனின் பிழை இல்லையே.

கடல்வழி அண்ணை, அது எந்தக் கோயில் என்று தனிமடல் போடுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நானும் வருகிறேன். முடிந்தால் சித்தப்பாவையும் கூட்டி வருவேன்.